500 மணி நேரமும் ஒரு கையொப்பமும்

மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறி நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை சிதையும், உயிரும் போகலாம். பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் மூதாட்டி ஒருவர் இதனை வாங்குவதாகக் கொள்வோம். அவர் பேசுவது தமிழ். கன்னடமும் ஓரளவு வரும். அட்டையில் அச்சாகியிருப்பதோ ஆங்கிலம். 'வாரத்துக்கு ஒன்று' என்பதை அவர் மனத்தில் பதியவைக்கக்கூடிய கடைசி மனிதர் மருந்தாளுநரே.

அவ்விடத்தில் நிற்பவர் யார்? பதிவுபெற்ற மருந்தாளுநரன்றிப் பிறர் மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கலாகாது என்கிறது 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு. சான்றிதழ் சுவரிலும் அதற்குரியவர் வேறூரிலுமாக இருக்கும் வாடகை வழக்கமோ ஊரறிந்த இரகசியம். போலி மருந்தாளுநர்களைப் பற்றிய பீகார் வழக்கில், மக்களின் உயிரோடு விளையாட இடமளிக்கலாகாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமே கண்டிக்க நேர்ந்தது.

இதற்குத் தீர்வாகப் படிப்பைக் கடினமாக்கு, தேர்வைக் கூட்டு என்போர் நோயை விட்டுவிட்டு நிழலுக்கு மருந்திடுகின்றனர். பட்டயப் படிப்புக்கான 1991 விதிமுறைகளிலேயே, ஈராண்டுப் பாடத்துக்குப் பின் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி உண்டு. அதில் 250 மணி நேரமாவது சீட்டைப் பார்த்து மருந்து வழங்குவதில் கழிய வேண்டும். குறை விதியில் இல்லை. அந்த மணிநேரங்கள் பல இடங்களில் ஒரு கையொப்பமாகச் சுருங்கிவிட்டன என்பதே குறை. வகுப்புக்கு வராதவனைப் பிடிக்கும் கல்லூரிகள், மருந்துக்கடைப் பக்கமே போகாதவனின் பயிற்சித் தாளைப் புரட்டியும் பார்ப்பதில்லை.

2022இல் பட்டய மாணவர்க்கென அறிவிக்கப்பட்ட வெளியேறு தேர்வோ மூன்று தாள்கள், பல்தேர்வு வினாக்கள், ஆங்கிலம் என்று அமைந்தது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கத் தெரிந்தவருக்கு, மூதாட்டியிடம் "எந்தக் கிழமை சாப்பிடுவீர்கள், பாட்டி?" என்று கேட்டு, அக்கிழமையை உறையின்மேல் எழுதித் தரத் தெரியுமா? இதனை எந்தத் தாளும் சோதிக்காது. 2008இல் தொடங்கிய ஆறாண்டு பார்ம்.டி. படிப்பு நோயாளியை நடுவில் வைத்தது உண்மைதான். ஆயினும் அப்பட்டதாரிகளை இத்தகைய தெருக்கடைகளுக்கு ஈர்க்கும் ஊதியம் எங்கே?

பார்மசி கவுன்சில் செய்யவேண்டியது கடினமன்று. பயிற்சி நடக்கும் நாளில் முன்னறிவிப்பின்றி அக்கடைக்கு ஆள் அனுப்பட்டும். மாணவர் அங்கில்லையெனில், கையொப்பமிட்ட மருந்தாளுநரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வழிசெய்யட்டும். தேர்வின் ஒரு பகுதி மருந்துக்கடை மேசையிலேயே, நோயாளியின் மொழியில் வாய்மொழியாக நடக்கட்டும். ஜோகுபாளையத்திலாயின் தமிழிலும் கன்னடத்திலும்.