தோற்றவரின் கடன்

தேர்தலில் தோற்றவரின் கதை, அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசும் உரையோடு பெரும்பாலும் முடிக்கப்பட்டுவிடுகிறது. ஹிலாரி கிளின்டனின் 2008 கதையும் அவ்வாறே நினைவில் தங்கியிருக்கிறது. ஜூன் 7 அன்று வாஷிங்டனில் அவர் ஆற்றிய உரையும், தமக்கு விழுந்த ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் வாக்குகளைக் கண்ணாடிக் கூரையில் விழுந்த விரிசல்களாக அவர் உருவகித்ததும் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. அந்த உரைக்குப் பின் நாலரை ஆண்டுகள் நீண்ட கணக்குப் புத்தகத்தைத்தான் யாரும் புரட்டுவதில்லை. கட்சிக்குள் தோற்றவருக்கு என்ன இடம் என்பதை, உரையைவிட அந்தப் புத்தகமே தெளிவாகச் சொல்கிறது என்பது நம் எண்ணம்.

2008 ஜூன் இறுதியில் ஹிலாரியின் பிரசாரக் குழுவுக்கு இருந்த கடன் சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர். இதில் 1 கோடியே 32 லட்சம் அவரே தம் குழுவுக்குக் கொடுத்த கடன். மீதி மற்றவர்களுக்குத் தரவேண்டியது. அவர்களில் பெரிய கடன்காரர் தலைமை வியூக வகுப்பாளராக இருந்த மார்க் பென்னின் கருத்துக்கணிப்பு நிறுவனம். அதற்கு மட்டும் 50 லட்சம் டாலருக்கு மேல் பாக்கி. (ஹிலாரி எதிர்த்துவந்த வர்த்தக ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிப் பேச அதே பென் கொலம்பிய அதிகாரிகளைச் சந்தித்து, ஏப்ரலில் பதவி விலக நேர்ந்தது. ஆலோசனைக்கு இவ்வளவு விலையா என்று நமக்குத் தோன்றாமல் இல்லை.) மறுமுனையில், மேடை போட்டவர்களும் உணவு வழங்கியவர்களும் இருந்தனர். ஓஹையோவில் பணம் வந்துசேரவில்லை என்று அத்தகைய சிறு தொழில் நடத்துவோர் மார்ச் மாதமே முணுமுணுக்கத் தொடங்கியிருந்தனர்.

இங்கே அமெரிக்கச் சட்டத்தின் ஒரு நுணுக்கத்தை அறிந்துகொள்ளாமல் மேலே செல்ல இயலாது. அந்த ஆண்டு, கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலுக்காக ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்குக் கொடுக்கக்கூடிய உச்சத்தொகை 2,300 டாலர். ஹிலாரியின் வசதியான ஆதரவாளர்களில் பலர் அந்த உச்சத்தை முன்பே தொட்டுவிட்டவர்கள். விரும்பினாலும் அவர்களால் மீண்டும் கொடுக்க முடியாது. கடனை அடைக்கப் புதிய கைகள் வேண்டும். அவை யாரிடம் இருந்தன? அவரைத் தோற்கடித்த பராக் ஒபாமாவின் ஆதரவாளர்களிடம். ஒபாமாவுக்கோ பொதுத்தேர்தலுக்கு ஹிலாரியின் ஆதரவாளர்களுடைய பணமும் வாக்கும் தேவைப்பட்டன. பகைமை ஆறும் முன்பே ஒருவர் வாசலில் மற்றவர் நிற்கவேண்டிய நிலையைச் சட்டமே உண்டாக்கிவிட்டது.

ஜூன் 26 அன்று வாஷிங்டனில் ஹிலாரியின் பெரும் நன்கொடையாளர்களைச் சந்தித்த ஒபாமா, தம் பங்காக 2,300 டாலர் தருவதாக அறிவித்தார். மறுநாள், முதல்நிலைத் தேர்தலில் இருவருக்கும் தலா 107 வாக்குகள் விழுந்திருந்த நியூ ஹாம்ஷயரின் யூனிட்டி என்ற சிற்றூரில் இருவரும் ஒரே மேடையில் தோன்றினர். ஊரின் பெயரே ஒற்றுமை. தேர்ந்தெடுத்தவருக்கு நாடகக் கலை கைவந்திருக்கிறது. ஆனால் ஜூலையில் நியூயார்க்கில் நடந்த நிதிக்கூட்டத்தில், ஹிலாரியின் கடனுக்கு உதவுமாறு கேட்க மறந்து மேடையைவிட்டு இறங்கிய ஒபாமா, நினைவு வந்து திரும்பி ஏறிப் பேசினார். யூனிட்டியைவிட அந்த மறதி நமக்கு உண்மையாகப் படுகிறது.

ஆகஸ்டில் டென்வர் மாநாட்டில், வாக்கெடுப்பை இடைநிறுத்தி ஒபாமாவை ஒருமனதாக ஏற்குமாறு முன்மொழிந்தவர் ஹிலாரி. டிசம்பர் 1 அன்று வெளியுறவு அமைச்சராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டது. இதைப் பெருந்தன்மை என்றனர் சிலர். பேரம் என்றனர் சிலர். தமிழில் கடன் என்ற ஒரே சொல் பட்ட பணத்தையும் ஆற்றவேண்டிய கடமையையும் குறிப்பதால், இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. தோற்றவரும் வென்றவரும் ஒருவரிடம் ஒருவர் கடன்பட்டிருப்பது ஒரு கட்சிக்கு நல்லது என்றே கருதுகிறோம். வென்றவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் கட்சியில் தோற்றவருக்கு வெளியேறுவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

ஆனால் இந்தக் கொடுக்கல்வாங்கல் அழுகிப்போகாமல் காத்தது இரண்டு பேரின் நற்குணம் மட்டுமல்ல, 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு விதியும்தான். வேட்பாளர் தம் குழுவுக்குக் கொடுத்த சொந்தக் கடனில் 2,50,000 டாலருக்கு மேல், தேர்தலுக்குப் பின் திரட்டும் நன்கொடையிலிருந்து திருப்பி எடுத்துக்கொள்ள அந்த விதி அனுமதிக்கவில்லை. ஹிலாரி தம் 1 கோடியே 32 லட்சத்தைத் தள்ளுபடி செய்தார். ஆகவே அதன்பின் யார் கொடுத்த பணமும் அவர் பைக்குப் போகவில்லை. வேலை செய்தவர்களுக்கே போனது. அமைச்சரான பின் அவர் அரசியல் நிதி கேட்கக் கூடாது என்பதால், கணவர் பில் கிளின்டன் தம்மோடு ஒரு நாள் கழிக்கும் வாய்ப்பைக் குலுக்கலில் வைத்துப் பணம் திரட்டினார். முன்னாள் ஜனாதிபதி ஒருவர் பரிசுப் பொருளானது வேடிக்கைதான். ஆனாலும் அந்தப் பணத்தில் அடைந்தது பிறர் பாக்கி. கடைசிவரை காத்திருந்தது பென்னின் நிறுவனம். 2012 இறுதியில் அதன் கணக்கும் முடிந்தது.

அந்த விதி இன்று இல்லை. 2018இல் டெக்சாஸ் செனட்டர் டெட் க்ரூஸ், தேர்தலுக்கு முதல்நாள் தம் குழுவுக்குச் சரியாக 2,60,000 டாலர் கடன் கொடுத்தார். வரம்பை மீறிய அந்தப் 10,000 டாலர் வழக்குக்காகவே கொடுக்கப்பட்டது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கருத்துச் சுதந்திரத்தின் பேரில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பைவிட, வென்றவர் பைக்கு நேரே போகும் பணம் எதை வாங்கும் என்று கேட்ட நீதிபதி கேகனின் மாற்றுத் தீர்ப்பே நமக்கு ஏற்புடையது. 2008இல் இந்தத் தீர்ப்பு இருந்திருந்தால், நான்கு ஆண்டுகள் உலகெங்கும் பறந்த ஒரு வெளியுறவு அமைச்சரின் சொந்தக் கணக்கில் 1 கோடியே 32 லட்சம் டாலர் வரவேண்டியிருந்திருக்கும். அதைக் கொடுக்க முன்வருபவர்கள் யாராக இருந்திருப்பார்கள்?