மண்ணைக் கேட்டார்களா?

சாலை குழிந்தால் மழையைப் பழிக்கிறோம், ஒப்பந்தக்காரரைப் பழிக்கிறோம். பாரத்தை மறந்துவிடுகிறோம். ஆய்வுக்கூடத்தில் ஈரமண் உருளையை நான் ஆயிரக்கணக்கான முறை அழுத்திப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அது அமுங்கி எழுகிறது. ஆனால் முழுதும் எழுவதில்லை. அந்தச் சிறு குறையே சேர்ந்து சேர்ந்து சக்கரத்தடப் பள்ளமாகிறது. தாரும் ஜல்லியும் பாரத்தைப் பரப்பிக் கொடுக்கலாம். இறுதியில் தாங்குவது மண்தான்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனை ஒன்றை உணர்த்திற்று: அச்சுப் பாரம் இரட்டித்தால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். நம் நாட்டிலோ 2018இல், நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். பாரம் எட்டில் ஒரு பங்கே கூடிற்று. அதே கணக்கில் சேதமோ ஏறத்தாழ 60 விழுக்காடு கூடும்!

வரம்பை உயர்த்துமுன் பழைய சாலைகளின் அடுக்குகளைத் தடிப்பாக்க வேண்டாமா? மண்ணைக் கேளாமல் எழுதும் சட்டத்தை மண் ஏற்காது, நண்பர்களே!