எரவாணத்து மருந்தும் மாயாற்றுப் பாறும்

கறவை மாடு வைத்திருப்பவர்கள் கொட்டகை எரவாணத்தைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். பாதி தீர்ந்த ஊசி மருந்துக் குப்பி ஒன்றாவது அகப்படும். என் கொட்டகையில் மூன்று கிடைத்தன. ஒன்றுக்குக் கெடு முடிந்து நாலு வருஷம். இன்னொன்றில் லேபிளே அழிந்துபோய், என்ன மருந்தென்று தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே, எறிய மனம் வருமா? ராத்திரியில் மாட்டுக்கு மடி வீங்கினால் அதுதான் கைக்கு வரும்.

இதிலென்ன குற்றம் என்று கேட்கலாம். மசினகுடி, சிறியூர் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் இருக்கின்றன. தென்னாட்டில் அவை இன்னும் கூடு கட்டும் மிகச் சில இடங்களில் இது முக்கியமானது. ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்த வெண்முதுகுப் பாறு, 1990-களிலிருந்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. காரணம் டைக்ளோபினாக் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-ல் வெளிப்படுத்தியது. வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போட்ட மருந்துதான். போட்ட இரண்டொரு நாளில் மாடு இறந்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். நூறு செத்த மாட்டில் ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே கூட்டம் குறைந்துபோகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு மாட்டில் கும்பலாக இறங்கும் பறவை. வருஷத்துக்கு இடுவதோ ஒரே முட்டை.

மத்திய அரசு 2006-ல் அதை மாட்டுக்குத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அதையும் 3 மில்லிக்குக் குறைத்தார்கள். 2023-ல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டுக்கும் கால்நடைகளுக்குத் தடை வந்தது. அசிக்ளோபினாக் மாட்டின் உடம்புக்குள்ளேயே டைக்ளோபினாக்காக மாறிவிடும். ஆனால் சட்டம் கடையோடு நின்றுவிடுகிறது. எரவாணத்தை யார் சோதிக்கிறார்கள்?

விவசாயியை மட்டும் திட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மாடு போனால் நஷ்டம் நமக்குத்தான். மெலாக்சிகாம் என்ற மருந்து வீக்கத்துக்கும் வலிக்கும் கேட்கும், பாறுக்குத் தீங்கில்லை. கால்நடை மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். வேறு வலி மருந்து போட்ட மாடு இறந்தால் காட்டோரம் இழுத்துப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

சரி, மீந்த குப்பியை என்ன செய்வது? ஓடையில் வீசினால் கீழே இருப்பவர் குடிக்கும் தண்ணீர் கெடும். அடுப்பில் போட்டால் குப்பி வெடிக்கும். மருந்தகம் ஒன்றில் கொண்டுபோய்க் கேட்டேன். வாங்கிக்கொள்ள உத்தரவில்லை என்றார்கள். ஆஸ்பத்திரிக் கழிவை எடுத்துப் போய் அழிக்க ஏற்பாடு உண்டு. அந்த வண்டி நம் ஊர்ப் பால் சொஸைட்டி வாசலில் மாதம் ஒருமுறை நின்றால் என்ன? அங்கே பூட்டுப் போட்ட பெட்டி ஒன்று வைத்தால் போதும். பக்கத்துக் கேரளத்தில், கோழிக்கோட்டில், வீடுகளில் மீந்த மருந்தைத் திரும்பப் பெறும் திட்டத்தை 2025-ல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே ஆரம்பித்திருக்கிறது. பிளாஸ்டிக் பையை மற்ற ஜில்லாக்களுக்கு முன்பே தடுத்த நீலகிரிக்கு இது பெரிய காரியமல்ல. சொஸைட்டியின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன்.

அதுவரை என் மூன்று குப்பிகளும் ஒரு பிஸ்கட் டின்னில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல், பூட்டிய அலமாரியில் இருக்கின்றன.