திமிங்கலத்துக்கு ஒரே பொருளா?

ஹெர்மன் மெல்விலின் ‘மோபி டிக்’ வகுப்பறைக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது: வெள்ளைத் திமிங்கலம் எதன் குறியீடு? தீமை, இயற்கை, விதி, கடவுள் என்று நான்கைந்து விடைகள் துணைநூல்களில் தயாராகக் கிடைக்கின்றன. மாணவர் ஒன்றைத் தேர்ந்து எழுதுகிறார், ஆசிரியர் மதிப்பெண் இடுகிறார், நாவல் படிக்கப்படாமலே பாடம் முடிந்துவிடுகிறது. இந்த இறுக்கத்தை வெறுப்பவர்களோ, யாரும் எப்படியும் பொருள் கொள்ளலாம் என்று கதவை அகலத் திறந்துவிடுகிறார்கள். இலக்கியம் கற்பிப்பவர்களும் விமர்சனம் எழுதுபவர்களும் இந்த இரண்டு வழிகளையும் கைவிட வேண்டும் என்பதே நமது வாதம். குறியீட்டுக்குப் பல பொருள் உண்டு. அந்த ஒவ்வொரு பொருளும் பிரதியில் உள்ள திடமான விவரங்களைக் கொண்டு தன் உரிமையை நிலைநாட்டியாக வேண்டும். இந்த அளவுகோலை வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டியதில்லை. 1851இல் வெளிவந்த அந்த நாவலே அதை நமக்குத் தந்திருக்கிறது.

முப்பத்தாறாம் அத்தியாயத்தில் கப்பல் தலைவன் ஆகாப் ஓர் ஈக்வடார் பொற்காசைப் பாய்மரத்தில் ஆணி அடித்துப் பதிக்கிறான். வெள்ளைத் திமிங்கலத்தை முதலில் காண்பவனுக்கு அது பரிசு. தொண்ணூற்றொன்பதாம் அத்தியாயத்தில் கப்பலில் உள்ளவர்கள் ஒருவர்பின் ஒருவராக அந்தக் காசின் முன் வந்து நிற்கிறார்கள். காசில் மூன்று மலைச்சிகரங்கள். ஒன்றில் தீ, ஒன்றில் கோபுரம், ஒன்றில் கூவும் சேவல். மேலே ராசி மண்டலத்தின் ஒரு பகுதி. மூன்று சிகரங்களிலும் ஆகாப் தன்னையே காண்கிறான். பக்திமானான முதல் துணைத்தலைவன் ஸ்டார்பக் கிறித்தவத் திரித்துவத்தையும் இருண்ட பள்ளத்தாக்கின் மேல் எழும் நீதியின் ஒளியையும் காண்கிறான். இரண்டாம் துணைத்தலைவன் ஸ்டப் பஞ்சாங்கத்தைப் பிரித்து ராசிகளில் மனித வாழ்வின் பருவங்களைப் படிக்கிறான். ஈட்டி எறியும் குவீக்வெக் தன் உடலில் குத்தியிருக்கும் பச்சையோடு காசின் உருவங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறான். தீயை வணங்கும் பெடல்லா காசையும் வணங்கிவிட்டுப் போகிறான். கடலில் தனித்துவிடப்பட்டுச் சித்தம் கலங்கிய சிறுவன் பிப், நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான் என்று இலக்கணப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி, பார்த்தல் என்ற செயலையே நம் முன் வைக்கிறான்.

பார்ப்பவரைப் பொறுத்தே பொருள் என்று இந்த அத்தியாயம் சொல்வதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது பாதி உண்மை. ஃபிளாஸ்க் என்ற மூன்றாம் துணைத்தலைவனை அவர்கள் கூர்ந்து பார்ப்பதில்லை. அவனுக்கு அது வெறும் பொன். 16 டாலர் பெறும். சுருட்டு ஒன்று 2 சென்ட் வீதம் 960 சுருட்டு வாங்கலாம் என்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தால் 800தான் வருகிறது. பிழை பாத்திரத்துடையதா ஆசிரியருடையதா என்று வாதிடலாம். ஆனால் குறியீட்டையே மறுத்து எண்ணில் தஞ்சம் புகுந்த வாசிப்பும் தவறக்கூடும் என்பதும், அந்தத் தவறைப் பிரதியைக் கொண்டே காட்ட முடியும் என்பதும் ஐயத்துக்கு இடமற்றவை. மற்றவர்களின் வாசிப்புகளும் காற்றில் கட்டியவை அல்ல. கோபுரம், ராசி, சூரியன் என்று காசில் உண்மையாகவே பொறித்திருக்கும் ஏதோ ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் ஒவ்வொருவரும் பேசுகிறார்கள். வாசிப்புகள் பல, காசு ஒன்று. அந்த ஒன்றுக்கு எல்லா வாசிப்பும் கடமைப்பட்டிருக்கிறது.

ஒற்றைப் பொருளின் அபாயத்தை நாவல் ஆகாப் வழியாகக் காட்டுகிறது. காணும் பொருள்கள் எல்லாம் அட்டை முகமூடிகள், அவற்றைக் குத்திக் கிழித்து அப்பால் போக வேண்டும் என்பது அவன் தத்துவம். தன் காலைப் பறித்த விலங்கில் உலகத்தின் தீமை முழுவதையும் அவன் ஏற்றிவைக்கிறான். பழிவாங்கினால் நான்டக்கெட் சந்தையில் எத்தனை பீப்பாய் எண்ணெய் கிடைக்கும் என்று ஸ்டார்பக் கேட்கும் கேள்வி கஞ்சத்தனமான வணிகக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் கப்பலில் ஒவ்வொருவரும் ஊதியத்துக்குப் பதிலாக வேட்டை வருவாயில் பங்குக்கு வந்தவர்கள். கதைசொல்லி இஷ்மேலுக்கு முந்நூறில் ஒன்று, குவீக்வெக்குக்குத் தொண்ணூறில் ஒன்று. அந்த உழைப்பின் கணக்கை அழித்துவிட்டுத்தான் ஆகாபின் குறியீடு மேலேறுகிறது. இஷ்மேலும் மற்றவர்களோடு சேர்ந்து தானும் கூவித் திமிங்கலத்தைக் கொல்வதாகச் சபதம் எடுத்ததை ஒப்புக்கொள்கிறான். ஒற்றைப் பொருளுக்கு அவ்வளவு ஈர்ப்பு இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். திமிங்கல வகைகள், கயிறு, கொழுப்புரிப்பு, எண்ணெய் காய்ச்சுதல் என்று நீளும் அத்தியாயங்கள் கதையைத் தடுக்கின்றன; திமிங்கலத்தை மீன் என்று வகைப்படுத்தும் அறிவியலும் காலாவதியானது; அவற்றை நீக்கிவிட்டுக் குறியீட்டைக் கற்பித்தால் என்ன? நீக்கினால் குறியீடு நிற்க நிலமே இல்லாமல் போகும். படகைச் சுற்றி ஓடும் கயிறு மனித வாழ்வின் ஆபத்தாக மாறுவது, அது எப்படிச் சுருட்டப்படுகிறது, எப்படி உருவி ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான். குவீக்வெக்குக்காகச் செய்த சவப்பெட்டி பிறகு உயிர்காக்கும் மிதவையாகிறது. இறுதியில் இஷ்மேலை மூழ்காமல் காக்கிறது. லண்டனில் வந்த முதல் பதிப்பில், இஷ்மேல் பிழைத்ததைச் சொல்லும் பின்னுரை விடுபட்டுப்போனது. கதை சொன்னவன் பிழைத்தது எப்படி என்று அங்குள்ள மதிப்புரையாளர்கள் கேட்டார்கள். ஒரு பக்கம் விடுபட்டதும் அந்தப் பெட்டியின் மீட்புப் பொருளும் கூடவே போய்விட்டது. தமிழ் வாசகருக்கு இது புதிய பாடம் அன்று. சொல்லாத பொருளை உணர்த்தும் உள்ளுறை, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களையே நிலமாகக் கொள்ளும் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. பறவையும் மீனும் முதலில் பறவையும் மீனுமாக இருக்க வேண்டும். மெல்விலின் தொழில் அத்தியாயங்கள் ஆற்றும் பணியும் அதுவே.

ஆசிரியர் ஒரு பொருளை எண்ணித்தானே எழுதியிருப்பார், அதைக் கண்டுபிடிப்பதுதானே நம் வேலை என்பது அடுத்த மறுப்பு. நாற்பத்தைந்தாம் அத்தியாயத்தில் வெள்ளைத் திமிங்கலத்தை வெறும் உருவகக் கதையாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள் என்று இஷ்மேல் எச்சரிக்கிறான். அதைத் தடுக்கவே, திமிங்கலம் கப்பலை மூழ்கடித்த உண்மை நிகழ்ச்சிகளைச் சான்றாக அடுக்குகிறான். 1820இல் எசெக்ஸ் கப்பலுக்கு நேர்ந்தது அவற்றில் ஒன்று. நாவல் வெளிவந்த பின், 1852 ஜனவரியில் எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்னின் மனைவி சோபியாவுக்கு எழுதிய கடிதத்தில் மெல்வில் சொன்னது இதோடு பொருந்துகிறது. நூல் முழுவதற்கும் உருவகப் பொருள் கொள்ள இடமுண்டு என்ற மங்கலான எண்ணம் எழுதும்போது இருந்தது. குறிப்பான பொருத்தங்களை மெல்விலுக்குக் காட்டியது நத்தானியேல் ஹாதார்னின் கடிதம். ஆக, ஆசிரியரின் மேசையிலும் பூட்டிவைத்த விடை எதுவும் இல்லை.

அப்படியானால் எந்த வாசிப்பையும் மறுக்க முடியாதா? முடியும். 1952இல் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் காவலில் இருந்தபோது மார்க்சியச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் இந்த நாவலைச் சர்வாதிகாரத் தலைவனுக்கும் பல இன உழைப்பாளிகளுக்கும் இடையிலான கதையாகப் படித்தார். ஈட்டி எறிபவர்கள் மூவரும் வெள்ளையரல்லாதவர்கள், ஆணையிடும் துணைத்தலைவர்கள் மூவரும் நியூ இங்கிலாந்து வெள்ளையர்கள் என்ற அமைப்பு அந்த வாசிப்பைத் தாங்குகிறது. வெண்மையை ஒரு கருத்தியலாக நாவலாசிரியர் டோனி மாரிசன் படித்ததற்கு, நாற்பத்திரண்டாம் அத்தியாயம் வெள்ளையரின் இன மேலாண்மையை வெண்மையின் பட்டியலிலேயே சேர்த்திருப்பது ஆதாரமாகிறது. இவை ஒன்றையொன்று அழிப்பதில்லை. ஒவ்வொன்றும் நாவலின் வெவ்வேறு விவரங்களுக்குக் கணக்குக் காட்டுகிறது. திமிங்கலம் தீமையின் வடிவம் என்ற பழகிய விடையோ ஆகாபின் கூற்றை நாவலின் கூற்றாக மயங்கியதால் பிறந்தது. அது தவறு என்று தயங்காமல் சொல்லலாம். ஆகாப் ஒற்றைப் பொருள், இஷ்மேல் பன்மை, பன்மையே பிழைக்கிறது என்று முடிப்பதும் இன்னொரு சாவியாகிவிடாதா என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் பதில் உண்டு. ஆம், ஆகிவிடும். இஷ்மேலும் சபதத்தில் சேர்ந்தவன், அவனோடு உழைத்தவர்கள் எல்லாரும் மூழ்கினார்கள் என்ற விவரங்களுக்கு அந்த வாசிப்பும் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் வேலையில் இது கேட்கும் மாற்றம் நடைமுறைக்கு எளியது. வினாத்தாளில் ‘எதன் குறியீடு’ என்ற கேள்வியை நீக்கிவிட்டு, ‘யாருக்கு, எந்த விவரத்தின் பலத்தில், எந்த விவரம் எதிர்த்து நிற்க இப்பொருள் கொள்ளப்படுகிறது’ என்று கேட்போம். தொழில் அத்தியாயங்களில் இரண்டையாவது முழுமையாகப் படிக்கவைப்போம். தன் விளக்கத்துக்கு அடங்காத ஒரு பகுதியை மாணவரே சுட்டிக்காட்டினால் அதற்கும் மதிப்பெண் தருவோம். மதிப்புரை எழுதுபவர்களும் தங்கள் வாசிப்பு எங்கே தடுமாறுகிறது என்பதை ஒரு பத்தியிலாவது சொல்ல வேண்டும். பல பொருளை அனுமதிப்பது விமர்சனத்தின் பொறுப்பைக் குறைப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் சான்று கேட்க வேண்டியிருப்பதால் அந்தப் பொறுப்பு கூடவே செய்கிறது.