அழிப்பது வைத்தியமாகாது

தருமபுரியிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் கையெழுத்துப்படியைப் பென்டிரைவில் இட்டு டி.டி.பி. கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் அனைவரும் கேட்டுப் பழகிய வாசகம் ஒன்றுண்டு: "வைரஸ் இருக்கு சார், ஃபார்மட் பண்ணிடலாம்." இந்த அறிவுரையை நாங்கள் முற்றாக மறுக்கிறோம். நோயாளியைப் புதைத்துவிட்டு நோய் தீர்ந்தது என்பதற்கு ஒப்பானது அது.

பென்டிரைவ் 'வாசிக்க மட்டும்' என்று பூட்டிக்கொண்டிருந்தால் அந்த அறிவுரை பொருளற்றும் போகிறது. ஃபார்மட் செய்வதும் எழுதுவதுதானே? எழுத முடியாததை எப்படி ஃபார்மட் செய்வது?

பூட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ் அல்ல. சில பென்டிரைவ்களின் பக்கவாட்டில் எழுதுதடைப் பொத்தான் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பாதியில் பிடுங்கியதால் கோப்பமைப்பு சிதைந்திருக்கலாம். பிழையைக் கண்டதும் லினக்ஸ் கெர்னல், மேலும் சேதம் நேராதபடி தானே எழுதுவதை நிறுத்திவிடும். மூன்றாவது, உள்ளிருக்கும் சில்லு தேய்ந்து தன்னையே பூட்டிக்கொள்வது. அதை எந்தக் கட்டளையாலும் திறக்க இயலாது. ரூட் அதிகாரமும் அங்கே செல்லாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் உங்கள் ஆவணங்களை மட்டும் கணினிக்கு நகலெடுங்கள். வாசிக்கத்தான் தடையில்லையே! வைரஸ் மறைத்துவைத்த கோப்புறைகளும் லினக்ஸில் கண்ணுக்குத் தெரியும். பிறகு பென்டிரைவை அன்மவுன்ட் செய்து, எஃப்.எஸ்.சி.கே. கொண்டு பிழை திருத்துங்கள். பூட்டு விலகினால் ஆட்டோரன் கோப்பையும், கோப்புறை வேடமிட்ட ஷார்ட்கட்டுகளையும், அறியாத எக்ஸி கோப்புகளையும் நீக்குங்கள். விலகாவிட்டால் அந்தப் பென்டிரைவுக்கு ஓய்வு கொடுங்கள்.

"லினக்ஸில் வைரஸ் வராது" என்று மார்தட்டும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். உங்களைத் தாக்காத கிருமியை நீங்கள் சுமந்துசென்று அடுத்தவர் விண்டோஸில் இறக்கலாம். 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டுக்கு ஷார்ட்கட்டின் சின்னம் திரையில் தோன்றினாலே போதுமாயிருந்தது. தனக்கு நோயில்லை என்பது பிறர்க்குப் பரப்பும் உரிமையாகாது.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. கருவி வந்தது, அதைக் கையாளும் அறிவை யார் கொடுத்தார்கள்? அந்த இடத்தைத்தான் 'ஃபார்மட்' என்ற ஒற்றைச் சொல் நிரப்பிக்கொண்டது.

தகடூர் நாட்டு நடுகற்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிய களக்குறிப்பு ஒரே ஒரு பென்டிரைவில் இருந்து ஒரு சொடுக்கில் அழியுமானால், குற்றம் வைரஸினுடையது அல்ல.