80-ல் நடுங்குது, 60-ல் அடங்குது... கார் ஸ்டீயரிங் என்ன சொல்ல வருது?

பரனூர் டோல்கேட்டைத் தாண்டி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பெரியப்பாவின் கார் 85-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் என் கைக்குள் நடுங்க ஆரம்பித்தது. வைப்ரேஷனில் வைத்த போனைக் கையில் பிடித்திருப்பதைப்போல, ஆனால் நிற்காமல். 70-க்குக் குறைத்தேன், அடங்கிவிட்டது. மறுபடி 85, மறுபடி நடுக்கம்.

"அது அப்படித்தாம்மா, ரெண்டு மாசமா இருக்கு. மூணு தடவை அலைன்மென்ட் பார்த்தாச்சு. நீ 70-லயே போ" என்றார் பெரியப்பா. பின் சீட்டில் பெரியம்மாவும் அக்காவும், அக்கா மடியில் தூங்கும் மூன்று வயது வாண்டும். மந்தைவெளியிலிருந்து திண்டிவனத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தோம்.

போன வாரம் இந்தப் பகுதியில் வைப்பர் பிளேடு பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் ஏ.சி பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால், அன்று மதுராந்தகத்தில் காபி குடிக்க நிறுத்தியபோது பார்த்ததை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்துவிட்டு, முன்பக்க டயர்களின் உள்பக்கத்தை போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது டயரின் உள்பக்கச் சுவரில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். வெளியில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. பக்கத்தில் டூரிஸ்ட் வேன் நிறுத்தியிருந்த டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சுக்கிட்டாக்கா ஓட்டிட்டு வந்தீங்க?" என்றார். பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

பள்ளத்தில் வேகமாக விழும்போது, ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் டயர் நசுங்கி, சுவருக்குள் இருக்கும் நூல்கள் அறுந்துவிடும். அந்த இடத்தில் காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர்தான், அதனால்தான் வீங்குகிறது. இதற்கு பஞ்சர் ஒட்டுவதெல்லாம் கிடையாது. எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டயரை மாற்றுவது ஒன்றுதான் வழி.

மூன்று முறை போன கடையில் ஏன் சொல்லவில்லை என்று எனக்கும் கோபம் வந்தது. பெரியப்பாவிடம் கேட்டேன். "நான் போய் அலைன்மென்ட் பாருங்கன்னு சொன்னேன், பார்த்தாங்க" என்றார். காய்ச்சல் என்று டாக்டரிடம் போகாமல், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை பெயரைச் சொல்லி வாங்கி வருகிறோமே, அந்தக் கதைதான். பார்த்தவர்கள் கண்ணில் அந்த வீக்கம் பட்டிருக்க வேண்டும், அது வேறு விஷயம். ஆனால், 'எனக்கு இன்ன வேகத்தில், இன்ன இடத்தில் நடுங்குகிறது' என்று நாமும் சொல்லவில்லை.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதைச் சரிசெய்வது. அது கெட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும். நேராகப் போகும்போதும் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். டயர் ஓரத்தில் மட்டும் தேயும். அப்படித் தேய்ந்த டயர் நாளடைவில் அதிரலாமே தவிர, அலைன்மென்ட் நேரடியாக நடுக்கத்தைக் கொடுப்பது அபூர்வம். நடுக்கம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வீல் பேலன்சிங்கை.

வாஷிங் மெஷினில் பெட்ஷீட் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால், ஸ்பின் ஆகும்போது மெஷினே நடந்து வருமே, அதேதான் இங்கேயும். சராசரி கார் சக்கரம் ஒரு சுற்றுக்கு சுமார் 1.9 மீட்டர் உருளும். 90 கி.மீ வேகத்தில் விநாடிக்கு 13 சுற்று. ரிம்மின் ஒரு பக்கம் வெறும் 30 கிராம் கூடுதலாக இருந்தாலும், 100 கி.மீ வேகத்தில் அது நாலரை கிலோ எடை அளவுக்குச் சக்கரத்தை இழுக்கும். 50 கி.மீ-ல் அதே 30 கிராம் இழுப்பது ஒரு கிலோவைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். வேகம் இரட்டிப்பானால் இழுவை நான்கு மடங்கு. சரி, 85-ல் ஆடுவது சில கார்களில் 110-ல் குறைவது ஏன்? ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தானே உயரப் போகும்? காரின் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டீயரிங்குக்கும் சொந்தமாக ஒரு தாளம் இருக்கிறது. சக்கரத்தின் ஆட்டம் அதோடு ஒத்துப்போகும் வேகத்தில்தான் நடுக்கம் உச்சத்துக்குப் போகும்.

சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் மயிலாப்பூர், பனகல் பூங்கா, அடையாறு என்று பாதி தென்சென்னை ஒட்டுப்போட்ட சாலைகளில்தான் ஓடுகிறது. கார் அடி வாங்குவது இங்கே. ஆனால், நகருக்குள் கார்களுக்கான வேக வரம்பே 60. மாலை நேரத்தில் உஸ்மான் ரோட்டில் 60-ஆ? சிரிக்காதீர்கள். அதனால் நோய் இங்கேயே பிடித்தாலும், குடும்பத்தோடு தாம்பரம் தாண்டிய பிறகுதான் காய்ச்சலே தெரிகிறது.

அப்படித் தெரியும்போது கவனிக்க வேண்டியது சில விஷயங்கள்தான். கை நடுங்குகிறதா, சீட் நடுங்குகிறதா? கை என்றால் பெரும்பாலும் முன்சக்கரங்கள், சீட்டும் தரையும் என்றால் பின்சக்கரங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால், பேலன்சிங்குக்குக் கொடுக்கும் காசு வீண். அது பிரேக் டிஸ்க் ஒரே கனமாகத் தேயாததால் வருவது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றால், டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் மேல் சந்தேகமா? அதே 85-ஐ ஐந்தாவது கியரில் ஒருமுறை, நான்காவதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி நடுங்கினால் இன்ஜின் நிரபராதி.

வாரம் முழுக்க கவர் போட்டு அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூங்கும் கார்கள் தனி ரகம். ஒரே இடத்தில் நாள்கணக்கில் நின்றால், தரையில் பட்ட இடத்தில் டயர் லேசாகத் தட்டையாகிவிடும். கிளம்பிய சில கிலோமீட்டர் தடதடத்து, டயர் சூடானதும் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். சரியாகவில்லை என்றால், டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2318 என்றால், 2018-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். பட்டன் நன்றாகவே இருக்கும், ரப்பர் கிழவனாகியிருக்கும்.

மழைக்காலம் முடிந்த பிறகும் இந்தப் புகார் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எத்தனை கார்களை மூழ்கடித்தது என்று வேளச்சேரிக்காரர்களைக் கேட்டால் தெரியும். அடுத்த ஆண்டு அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் முன்கூட்டியே கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியவர்கள் ஆயிற்றே! தண்ணீரில் நின்ற காரின் ரிம்முக்கு உள்பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்தால், அதுவே பேலன்ஸைக் கெடுக்கப் போதும். கடைக்குப் போகும் முன், தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பாருங்கள், சும்மாவே சரியாகிவிடலாம். இதற்கு நேர்மாறும் உண்டு. அலாய் வீலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வெயிட், வாட்டர் வாஷில் பிய்த்துக்கொண்டு போய்விடும். வாஷுக்குப் பிறகு நடுக்கம் ஆரம்பித்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

பேலன்சிங் செய்யும்போது வெயிட்டிங் ஹாலில் போன் பார்க்காமல், மெஷின் பக்கத்தில் நில்லுங்கள். பழைய வெயிட்டை எடுத்துவிட்டு, புதிது ஒட்டிய பிறகு மறுபடி சுற்றவிட்டு, இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரே வீலில் வெயிட்டை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் ரிம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். சுற்றும்போது விளிம்பு உள்ளே வெளியே ஆடுவது கண்ணுக்கே தெரியும். புதுப்பேட்டையில் செகண்ட் ஹேண்ட் ரிம் தேடுகிறவர்களும் இப்படிச் சுற்றவிட்டுப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் காரை லிஃப்டில் ஏற்றி டை ராடு எண்டு, பால் ஜாயின்ட், வீல் பேரிங்கில் ப்ளே இருக்கிறதா என்று மெக்கானிக்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கியை நம்பி நீங்கள் அடியில் புகுந்துவிடாதீர்கள்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று சொல்லக் கூடாது. ஒன்று, டயர் வீக்கம். இன்னொன்று, டயர் கழற்றி மாட்டிய ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வரும் ஆட்டம். வீல் நட்டு தளர்ந்திருக்கலாம். ஓரங்கட்டி, நட்டை டைட் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

மதுராந்தகத்தில் அந்த வேன் அண்ணன்தான் ஸ்டெப்னி மாட்ட உதவினார். ஸ்டெப்னியில் பாதிக் காற்றுதான் இருந்தது. அதை யாரும் பார்த்து வருஷமாகியிருக்கும். பக்கத்து பஞ்சர் கடையில் காற்று நிரப்பிக்கொண்டு, இடது லேனிலேயே மெதுவாகப் போனோம். முகூர்த்தம் முடிந்து பந்தியில்தான் உட்கார முடிந்தது. மறுநாள் சென்னையில் முன்பக்கம் இரண்டு டயரையும் மாற்றி, பேலன்சிங் செய்தார் பெரியப்பா.

நேற்று போன் செய்தார். "ஈ.சி.ஆர் போயிருந்தேம்மா. 90-க்கு மேல லேசா நடுங்குது. கையில இல்ல, சீட்டுல. பிரேக் புடிக்கும்போது இல்ல."

பின்சக்கரம். இந்த முறை கடையிலும் இதையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.