எடையைப் பார்த்து வாங்காதீர்கள்

ஆடி முடிகிற நேரத்தில் சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பல வீடுகளில் தராசு ஓய்வதில்லை. வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளையின் பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிடக் கூடாதே என்று பருப்புப்பொடியையும் குக்கரையும் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்ப்பார்கள். ஜியு-ஜிட்சு பழகுகிற பிள்ளையாக இருந்தால் அந்தப் பெட்டியில் இன்னொரு பொருளும் இடம் கேட்கும்: 'கி' எனப்படும் பயிற்சி உடுப்பு. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே இடம்பிடித்துவிட்ட கலை இது. அபுதாபியானாலும் மெல்பர்னானாலும் பயிற்சிக்கூடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் எந்த உடுப்பை வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'கனமாக இருந்தால் கிழியாது' என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதிதான் சரி. கடல் கடந்து போகிறவருக்கு அந்தப் பாதியும் பெரிதாக உதவாது என்பது என் கட்சி.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். விளையாட்டுப் பொருள் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் கராத்தே டிரெஸ் இந்த வேலைக்கு ஆகாது. கராத்தேயில் அடியும் உதையும்தான் பிரதானம். ஜியு-ஜிட்சுவிலோ எதிராளி உங்கள் காலரையும் கைநுனியையும் பிடித்துத் தொங்குவார். அந்த இழுப்பைத் தாங்கத்தான் இதன் மேல்சட்டையைத் தனி நெசவில் நெய்கிறார்கள். 'பேர்ல் வீவ்' என்கிற நெசவில் துணியின் வெளிப்பக்கம் அரிசி பரப்பியதுபோல் மேடு மேடாக இருக்கும். உள்பக்கம் சமமாக இருக்கும். சதுர மீட்டருக்கு 350 கிராமிலிருந்து 550 கிராம் வரை எடைகள் உண்டு. ஆனால் நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். துணியின் பலம் எடையில் மட்டும் இல்லை. நூலின் முறுக்கிலும், பாவும் ஊடையும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதிலும் இருக்கிறது. தளர்ந்த நெசவில் தடித்த நூலைப் போட்டும் எடையை ஏற்றிவிடலாம்.

அதைவிட முக்கியமான கேள்வி, உடுப்பு எங்கே கிழிகிறது என்பது. எடையெல்லாம் குவிந்திருக்கும் மேல்சட்டையின் முதுகு பெரும்பாலும் கிழிவதே இல்லை. முதலில் போவது பேன்ட்டின் முழங்கால். ஒவ்வொரு வகுப்பிலும் அது பாயில் தேய்ந்துகொண்டே இருக்கிறது. அடுத்து, தொடைகள் சேருமிடத்துத் தையல், அக்குள், மேல்சட்டையின் பக்கவெட்டு தொடங்கும் முனை, காலரின் விளிம்பு. இவற்றில் ஒன்றுக்கும் 550 கிராம் துணியால் விடை இல்லை. முழங்காலில் இரட்டைத் துணி நடுத்தொடையிலிருந்து முழந்தாளுக்குக் கீழ்வரை இறங்குகிறதா, தொடையிடுக்கில் தனித்துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா, அக்குளில் ஒட்டு உண்டா, காலரில் எத்தனை வரிசைத் தையல் ஓடுகிறது என்பவைதான் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பேன்ட்டுக்கு இரண்டு வகைத் துணி புழக்கத்தில் உண்டு. ஒன்று கெட்டிப் பருத்தி டிரில். மற்றது 'ரிப்ஸ்டாப்': சிறு கட்டங்களாகத் தடித்த நூலை ஊடே ஓட்டி, ஒரு கட்டத்தில் விழுந்த கிழிசல் அடுத்த கட்டத்துக்குப் பரவாமல் தடுக்கும் நெசவு. டிரில் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும். ரிப்ஸ்டாப் லேசானது, சீக்கிரம் காயும்.

காய்வது என்பது இங்கே சின்ன விஷயமாகத் தெரியலாம். திருப்பதி வெயிலில் மாடியில் போட்டால் எவ்வளவு தடித்த கியும் சாயங்காலத்துக்குள் விறைத்து நிற்கும். டப்ளினிலோ டொரன்டோவிலோ குளிர்காலத்தில், மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் அறையின் ஒரு கம்பியில் தொங்கும் கனத்த கிக்கு அந்தப் பாக்கியம் இல்லை; மறுநாள் வகுப்புக்கும் காலரில் ஈரம் இருக்கும். பருத்திக்கு எதிரி தண்ணீர் என்று நினைக்க வேண்டாம். நனைந்த பருத்தி நூல் காய்ந்த நூலைவிடச் சற்று வலுவானது. அதைத் தின்பது, காயாத துணியில் ஏறும் பூஞ்சை. நாற்றம் போகட்டும் என்று ஊற்றும் குளோரின் பிளீச் நாரை அரிக்கிறது. அவசரத்துக்கு டிரையரில் போட்டால் அந்தச் சூடு சுருக்கி, நாளடைவில் நொறுங்க வைக்கிறது. ஈர உடுப்போடு மறுபடி பாயில் இறங்கினால் படர்தாமரையும் கூட வரும். ஆக, ஈரம் போகாத ஊரில் அதிக எடையே உடுப்பின் ஆயுளைக் குறைக்கிறது. வாரம் மூன்று நாள் பழகுகிறவருக்கு 550 கிராமில் ஒன்றைவிட, 400 கிராமுக்குப் பக்கத்தில் இரண்டு இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஒவ்வொன்றும் முழுக்கக் காயும், ஒவ்வொன்றுக்கும் பாதித் தேய்மானம்தான்.

இரண்டு வாங்கினால் செலவும் இரட்டிப்பு, பெட்டி எடையும் கூடுமே என்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நடுத்தரக் கி பேன்ட்டோடு சேர்த்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ வரும்; இரண்டு என்றால் மூன்று கிலோ, அதாவது ஒரு குக்கருக்கு மேல். அதனால் ஒன்றை மட்டும் இங்கே வாங்குங்கள், இரண்டாவதை அங்கே போய் வாங்குங்கள். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. சில பயிற்சிக்கூடங்கள் வெள்ளை மட்டுமே அனுமதிக்கும். சில தங்கள் முத்திரை பதித்த கியைத்தான் போடச் சொல்லும். சேருவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. சந்தையும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. உலகத்தின் தற்காப்புக்கலை உடுப்புகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கப்படுகிறது. 2019இல் பாகிஸ்தான் சரக்குக்கு இந்தியா 200 சதவீதம் சுங்கம் போட்டது. 2025 மே மாதம் இறக்குமதியையே தடை செய்தது. வெளிநாட்டுக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் அந்தச் சரக்கு இங்கே வர வழியில்லை. பிரிவினையில் சியால்கோட்டை விட்டு வந்த கைவினைஞர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் விளையாட்டுப் பொருள் தொழிலை வளர்த்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் ஜியு-ஜிட்சு உடுப்பில் வெளிநாட்டுக் கடைகளில் இருக்கும் தேர்வு இங்கே இன்னும் இல்லை.

அப்படியானால் இரண்டையும் அங்கேயே வாங்கிவிடலாமே? கூடாது. உடுப்பைப் பழக்கி எடுக்க நம் ஊர்தான் வசதி. 'ப்ரீ-ஷ்ரங்க்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் பருத்தி மேலும் கொஞ்சம் சுருங்கும். நடுமுதுகிலிருந்து கைநுனி வரை 80 செ.மீ. இருக்கும் மேல்சட்டை நூற்றுக்கு 5 சுருங்கினாலே 4 செ.மீ. போய்விடும். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி, கையை நேரே நீட்டினால் கைநுனி மணிக்கட்டிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. கடையில் கச்சிதமாக இருந்த அளவு போட்டி மேடையில் தகுதி இழக்கலாம். கிளம்பும் முன் மூன்று நான்கு முறை இங்கேயே துவைத்துக் காயப் போட்டுப் பாருங்கள். கல்லில் அடித்துத் துவைக்க வேண்டாம், தையலும் நாரும் அங்கேதான் நொறுங்கும். சுருக்கம் நின்ற பிறகு தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து, அக்குளிலும் தொடையிடுக்கிலும் இன்னொரு வரிசைத் தையல் ஓட்டச் சொல்லுங்கள். முழங்காலுக்கு நனைத்துக் காய்ந்த பருத்தித் துணியில் உள்ஒட்டு வைக்கச் சொல்லுங்கள். இங்கே சில நூறு ரூபாயில் முடிகிற வேலை இது. வெளிநாட்டில் அந்தக் கூலியைக் கேட்டால் புது பேன்ட்டே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

கனத்தை விட்டுக்கொடுக்காதவர்களிடம் கடைசியாக ஒரு வாதம் இருக்கும்: தடித்த கியை எதிராளியால் இறுகப் பிடிக்க முடியாது, போட்டியில் அது லாபம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் அதே கூட்டமைப்பு காலரின் தடிமனுக்கு 1.3 செ.மீ. என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த லாபத்தை அளவோடு நிறுத்துவதற்கே அந்த விதி. இன்னொன்று, அந்தப் போட்டிகளில் கியோடுதான் எடை பார்ப்பார்கள். உடுப்பில் ஏறிய ஒவ்வொரு நூறு கிராமும் வீரரின் எடைப்பிரிவுக் கணக்கில் சேரும். அதற்காக அவர் பட்டினி கிடக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் மேல்சட்டையைக் கையில் கொடுத்து, கனத்தைப் பாருங்கள் என்றால், பேன்ட்டை வாங்கி உள்பக்கம் புரட்டுங்கள். முழங்காலில் இரட்டைத் துணி எங்கே முடிகிறது என்று பாருங்கள். தொடையிடுக்குத் தையலை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இடைவெளி விட்டு வெளிச்சம் தெரிந்தால், எத்தனை கிராம் துணியானாலும் கீழே வைத்துவிடலாம்.